வீட்டில் இருந்தபடியே ஒரு கடலும் ஒரு காடும்

பயணம் என்ற சொல்லைக் கேட்டதும் எமது சகோதரிகள் பலருக்கு நினைவுக்கு வருவது உல்லாசம் அல்ல. இருப்பதை மூட்டையாகக் கட்டிக்கொண்டு இரவோடு இரவாக ஊரை விட்டுக் கிளம்பியது நினைவுக்கு வரும். சிறைக்கூடத்துக்கும் நீதிமன்றத்துக்கும் ஆணைக்குழுக்களுக்கு முன்னாலும் கையில் ஒரு புகைப்படத்துடன் அலைந்தது நினைவுக்கு வரும். மலையகத்திலும் இதே கதைதான். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை எமது மூத்தவர்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தார்கள். 1977லும் 1983லும் வன்செயலுக்குப் பயந்து தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களில், 2009க்குப் பிறகு மீண்டும் உறவினரின் லயத்துக்கே வந்து சேர்ந்தவர்களும் உண்டு.

இவ்வாறு துரத்தப்பட்டும் தேடிக்கொண்டும் போன பயணங்களையே அறிந்த பெண்கள், ஓர் இடத்தைப் பார்ப்பதற்காக மட்டும் போய் வந்தால் என்ன நடக்கும்? போய் வந்த பிறகு, வீட்டை விட்டு வெளியே வர முடியாத ஒரு காலத்தில் அந்த இடம் அவர்களுக்கு என்ன செய்யும்? எமது பெண்கள் குழுவுடன் நான் சென்ற இரண்டு பயணங்களையும், பின்னர் அவற்றை நாம் வீட்டில் இருந்தபடியே நினைத்துப் பார்த்த விதத்தையும் இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

சேமிப்புக் காசில் ஒரு பஸ்

ஹட்டனைச் சுற்றியுள்ள சில தோட்டங்களைச் சேர்ந்த பெண்கள் எமது குழுவில் இருக்கிறார்கள். பெரும்பாலானோர் கொழுந்து பறிப்பவர்கள். ஒரு சிலர் வன்னியிலிருந்து திரும்பி வந்தவர்கள். மாதக் கூட்டத்தில் ஒரு சிறு தொகையைச் சேமித்து வந்தோம். அந்தப் பணத்தை என்ன செய்யலாம் என்ற பேச்சு எழுந்தபோது, தையல் இயந்திரம், கோழிக்கூடு என்று பல யோசனைகள் வந்தன. கடைசியில் ஒரு பெண் தயங்கித் தயங்கி, "மிஸ், நான் இன்னும் கடலைப் பார்த்ததில்ல" என்றார். அவருக்கு வயது நாற்பத்தியாறு. ஒரு தீவில் பிறந்து, நாற்பத்தியாறு வருடம் வாழ்ந்து, கடலைப் பார்த்திராத பெண். அவரைப் போல் இன்னும் ஒன்பது பேர் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள்.

தோட்டத்துப் பெண்ணுக்கு இரண்டு நாள் வெளியே போவது சிறிய விடயம் அல்ல. வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது. அந்த 2018ஆம் ஆண்டில் அடிப்படை நாட்கூலி 500 ரூபாய். அதைவிட, வீட்டில் யார் சமைப்பது, யார் தண்ணீர் பிடிப்பது, பொம்பிளைகளுக்கு என்ன சுற்றுலா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். ஆண்கள் நண்பர்களோடு போவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. பெண்கள் போவதானால் கோவிலுக்கு என்று சொன்னால்தான் வீடு சம்மதிக்கும். ஆகவே நாமும் "கோணேஸ்வரத்துக்குப் போகிறோம்" என்றே சொன்னோம். கோவிலுக்கும் போனோம், ஆகவே அது பொய்யல்ல.

ஆவணி மாதத்தைத் தெரிவு செய்ததற்கு ஒரு காரணம் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று எமது மலைகளில் மோதி மழையைக் கொட்டிவிடும். மலையைத் தாண்டிக் கிழக்கே போகும்போது அந்தக் காற்றில் ஈரம் இராது. இதனால் எமது தோட்டங்களில் படங்கைச் சுற்றிக்கொண்டு நனைந்து கொழுந்து பறிக்கும் அதே நாட்களில், திருகோணமலையில் வெயில் அடிக்கும், கடலும் அமைதியாக இருக்கும்.

நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று பஸ் போனது. மாத்தளையைத் தாண்டும்போது ஒரு மூத்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த எமது முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அவர்கள் நடந்து ஏறிய திசைக்கு எதிர்த்திசையில், ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கொண்டு, பாட்டுப் பாடியபடி நாம் இறங்கிக்கொண்டிருந்தோம்.

கன்னியாவில் ஒரு கைப்பிடி வெந்நீர்

மறுநாள் காலை கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனோம். அருகருகே ஏழு கிணறுகள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு. நிலத்தின் ஆழத்துக்கு இறங்கிய நீர் அங்குள்ள வெப்பத்தால் சூடேறி, பாறை வெடிப்புகளின் வழியே மேலே வருகிறது. இராவணன் தன் தாயின் அந்தியக் கிரியைக்காக இந்த ஊற்றுகளை உண்டாக்கினான் என்பது ஐதீகம். இன்றும் கிழக்கிலுள்ள பலர் இறந்தவர்களுக்கான கடமைகளைச் செய்ய இங்கே வருகிறார்கள்.

வன்னியிலிருந்து திரும்பிய அக்கா ஒருவர் எம்முடன் வந்திருந்தார். சிறுமியாகத் தாய் தந்தையுடன் தோட்டத்தை விட்டுப் போனவர். 2009இல் கணவனை இழந்தார். மூத்த மகனைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்தபின் தம்பியின் லயக் காம்பராவில் வந்து தங்கினார். கணவனுக்காக அவர் கிணற்றடியில் நின்று நீர் வார்த்தார். பக்கத்தில் நின்ற ஒருவர், "மகனுக்கும் வார்த்து விடுங்கோவன்" என்று நல்லெண்ணத்துடன் சொன்னார். அக்கா வாளியைக் கீழே வைத்தார். "அவன் செத்தவன் எண்டு ஆர் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். யாரும் பதில் பேசவில்லை. பின்னர் தன் தலையில் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு, "நல்ல இதமான சூடு, பிள்ளை" என்றார்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் தாயிடம் எதைக் கேட்கலாம், எதைச் சொல்லலாம் என்பதை எந்தப் பயிற்சிப் பட்டறையையும்விட அந்தக் கிணற்றடி எமது குழுவுக்குத் தெளிவாகக் கற்பித்தது. அதன் பிறகு அவரிடம் அவ்வாறான ஆலோசனையை எவரும் சொல்லவில்லை.

புறாத்தீவின் முருகைக்கற்கள்

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவு இருக்கிறது. பெரிதும் சிறிதுமாக இரண்டு தீவுகள். அங்குள்ள பாறைகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் இந்தப் பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் துப்பாக்கிச் சுடும் பயிற்சிக்கு இதைப் பயன்படுத்தினார்கள். 1963இல் சரணாலயமாகவும், 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. சுமார் 100 வகை முருகைக்கற்களும் 300 வகை மீன்களும் இங்கு இருப்பதாகப் பதிவுகள் உண்டு.

எல்லாரும் படகில் ஏறவில்லை. அதற்கு வற்புறுத்தவும் இல்லை. சிலருக்குப் பயம். வன்னி அக்காவுக்குப் பயம் அல்ல. அவருக்குக் கடற்கரை என்றால் 2009ஆம் ஆண்டின் மாத்தளனும் முள்ளிவாய்க்காலும்தான். "நான் இந்த மரத்துக்குக் கீழ இருந்து சோத்துப் பெட்டியளைப் பாக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ" என்றார். அவருக்குத் துணையாக இன்னும் இருவர் கரையிலேயே தங்கினார்கள்.

உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு ஏனையோர் போனோம். தீவின் கரையில் மணலைவிட உடைந்த முருகைக்கல் துண்டுகளே அதிகம். வெள்ளை வெளேரென்று, விரல் விரலாக, நடந்தால் சட்டிப் பானை உரசுவது போன்ற சத்தம். எம்மில் எவருக்கும் நீச்சல் தெரியாது. ஆனால் புறாத்தீவில் ஒரு வசதி உண்டு. முழங்கால் அளவு தண்ணீரில் நின்று குனிந்தாலே போதும். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட மீன்கள், மயில்நீல மீன்கள், கூட்டம் கூட்டமாகக் காலைச் சுற்றி வந்தன. செட்டையின் நுனி கறுத்த சிறு சுறா ஒன்று சற்றுத் தள்ளிப் போனது. படகோட்டித் தம்பி, "அது ஒண்டும் செய்யாது, அதுக்குத்தான் எங்களில பயம்" என்றார். கடலைப் பார்த்ததில்லை என்று சொன்ன அந்த நாற்பத்தியாறு வயதுப் பெண் ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்புன்னு சொன்னாங்க, இவ்வளவு உப்புன்னு சொல்லல்லியே" என்றார்.

முருகைக்கல் என்று பெயரில் கல் இருந்தாலும் அது உயிருள்ளது. விரல் நகத்தைவிடச் சிறிய எண்ணற்ற உயிரிகள் கூட்டமாக வாழ்ந்து, தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பினால் வீடு கட்டுகின்றன. ஒன்றின் வீட்டுச் சுவர் மற்றதற்கும் சுவர். எமது லயங்களைப் போல. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. உணவில் பெரும்பங்கையும் நிறத்தையும் அவைதான் கொடுக்கின்றன. கடல் நீர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு பாகை கூடுதலாகச் சூடேறிச் சில வாரங்கள் நீடித்தால், முருகை உயிரிகள் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடுகின்றன. அப்போது அவை வெளுத்துப் போகும். 1998இல் இலங்கையின் தெற்கு, மேற்குக் கரைகளில் ஹிக்கடுவை உட்படப் பெருமளவு முருகைக்கற்கள் இவ்வாறு வெளுத்து அழிந்தன. புறாத்தீவு அந்த முறை பெரும்பாலும் தப்பியது. எனினும் அதற்குப் பின்னரும் கடல் பல முறை சூடேறியுள்ளது. 2024 ஏப்ரலில், உலகளாவிய ரீதியில் நான்காவது பெரும் வெளுப்பு நடைபெறுவதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

வெளுத்தது உடனே செத்ததாகாது என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் காலத்தோடு குளிர்ந்தால் பாசிகள் திரும்பி வரும், நிறமும் மெல்ல மெல்லத் திரும்பும். ஆனால் மிதித்து உடைத்தால், பெரிய கற்கள் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்வதால், ஒரு காலடி உடைத்ததைத் திரும்பக் கட்டப் பல ஆண்டுகள் எடுக்கும். தென்மேற்குக் கரையில் நீண்ட காலமாக முருகைக்கல்லை அள்ளிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு செய்தார்கள். இப்போது அது சட்டப்படி தடை. எமது லயச் சுவர்களுக்கு அடித்த வெள்ளையிலும் அந்தக் கடலின் ஒரு துண்டு இருந்திருக்கலாம்.

சிங்கராஜக் காட்டில்

இரண்டாவது பயணம் 2019 பெப்ரவரியில். கினிகத்தேனை, கித்துள்கலை வழியாக இறங்கி, அவிசாவளை, இரத்தினபுரி, கலவானை என்று போய் குடாவ நுழைவாயிலை அடைந்தோம். சிங்கராஜ வனத்தின் உலக மரபுரிமைப் பகுதி 8,864 ஹெக்டேயர் பரப்புடையது. இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களில் பரந்திருக்கிறது. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்குள்ள மரவகைகளில் 60 வீதத்துக்கும் மேல் உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதவை.

நுழைவாயிலில் வெளிநாட்டுப் பயணிகள் அட்டை கடிக்காதிருக்க முழங்கால் வரை துணி மேசு மாட்டிக்கொண்டிருந்தார்கள். எமது பெண்களுக்குச் சிரிப்பு. அட்டையோடு தினமும் குடும்பம் நடத்துகிறவர்கள் அல்லவா? சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொண்டு நடந்தார்கள். வழிகாட்டியாக வந்த கிராமத்து இளைஞர் சிங்களத்தில் சொன்னதை எமது பெண்களில் இருவர் தமிழாக்கிச் சொன்னார்கள். மரமஞ்சள் கொடியை அவர் 'வெனிவெல்' என்று காட்டினார். "இது எங்க வீட்ல காய்ச்சலுக்கு அவிக்கிறது" என்று ஒரு பாட்டி கண்டுபிடித்தார். அதன் பிறகு வழிகாட்டியும் பாட்டியும் மொழி தெரியாமலே ஒருவருக்கொருவர் மூலிகை காட்டிக்கொண்டு முன்னால் போனார்கள்.

அந்தக் காட்டில் வெளிச்சம் கீழே வருவதற்குச் சிரமப்படுகிறது. உயர்ந்த மரங்களின் தலை ஒன்றோடொன்று கூடிக் கூரை போட்டிருக்கிறது. அதன் கீழே இன்னொரு அடுக்கு, அதன் கீழே இன்னொன்று. மழை நின்ற பின்பும் காடு வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் திடீரென்று இலைகள் எல்லாம் அசைந்தன. ஒரு பறவைக் கூட்டம். செம்மஞ்சள் அலகுடைய சிலம்பன்கள், கொண்டைக் கரிச்சான்கள், இன்னும் பல இனங்கள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடிக்கொண்டு போயின. ஓர் இனம் இலைகளைக் கலைக்க, பறந்தோடும் பூச்சியை இன்னோர் இனம் பிடிக்கிறது. பருந்து வந்தால் ஒன்று குரல் கொடுக்க, எல்லாம் ஒளிந்துகொள்கின்றன. பேராசிரியர் சரத் கொட்டகம போன்றவர்கள் இந்தக் கலப்புக் கூட்டங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். 2001ஆம் ஆண்டு ஜனவரியில் தீபால் வாரகாகொட என்ற ஆய்வாளர், அதுவரை உலகம் அறியாத ஒரு சிறு ஆந்தையை இந்தக் காட்டில்தான் கண்டார். அவ்வளவு காலமும் அது அங்கேயேதான் கூவிக்கொண்டு இருந்திருக்கிறது. நின்று கேட்க ஒருவர் வரவில்லை, அவ்வளவுதான்.

நாம் நடந்த அகன்ற பாதை ஒரு காலத்தில் மரம் ஏற்றிய வண்டிப் பாதை. 1970களின் தொடக்கத்தில், ஒட்டுப்பலகை செய்வதற்காக இந்தக் காட்டின் ஒரு பகுதியை இயந்திரங்களைக் கொண்டு வெட்டினார்கள். மக்கள் எதிர்ப்புக் காரணமாக 1977இல் அது நிறுத்தப்பட்டது. வெட்டிய இடத்தில் மீண்டும் காடு எழுந்திருக்கிறது. அது பழைய காடு அல்ல என்றும், முழுமையாக மீள நீண்ட காலம் செல்லும் என்றும் வழிகாட்டி சொன்னார். என்றாலும் நிழல் இருந்தது, பறவைகள் இருந்தன.

கதவு சாத்திய நாட்கள்

மூன்றாவது பயணத்துக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தபோது 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள் நடந்தன. பயணப் பேச்சு நின்றது. 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை கொரோனாவுக்காக நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. தோட்டங்களில் கொழுந்து பறிப்பு மட்டும் தொடர்ந்தது. மலைக்குப் போவதும் காம்பராவுக்குத் திரும்புவதும் தவிர வேறு இல்லை. கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வர, இரண்டு காம்பராவில் ஒன்பது பத்துப் பேர். கூட்டம் வைக்க முடியாது. ஹட்டனில் என் வாடகை வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசுவது ஒன்றுதான் செய்ய முடிந்தது.

ஊரடங்கு என்ற சொல்லே வன்னி அக்காவைப் போன்றவர்களுக்கு வேறு காலத்தைத் திறந்துவிட்டது. அரிசி இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பானையைத் திறந்து பார்ப்பதாகவும், இரவில் நித்திரை இல்லை என்றும் சொன்னார்கள். உளசமூகப் பணியில் 'பாதுகாப்பான இடம்' என்றொரு பயிற்சி உண்டு. மனதுக்கு அமைதி தந்த ஓர் இடத்தை நினைவுக்குக் கொண்டுவந்து, அங்கே கண்டது, கேட்டது, மணந்தது, தொட்டது என ஒவ்வொன்றாக நினைப்பது. இதற்கு முன்பு எமது பெண்களிடம் இதைச் செய்யச் சொன்னால் பலர் மௌனமாக இருப்பார்கள். அப்படி ஓர் இடம் அவர்களுக்கு இருந்ததில்லை. இப்போது இரண்டு இடங்கள் இருந்தன.

மாலை ஆறு மணிக்குப் பிறகு, இஸ்தோப்பில் தொலைபேசியின் ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு, பயணத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்குவார்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் மட்டும். ஒருவர் கண்டதைச் சொன்னால் மற்றவர் கேட்டதைச் சொல்ல வேண்டும். சண்டையும் வந்தது. மீனின் கோடு கறுப்பா நீலமா என்று இரண்டு மாலை விவாதம் நடந்தது. பயணத்துக்கு வராத மாமியார்மாரும் பிள்ளைகளும் பக்கத்தில் இருந்து கேட்டார்கள். ஓரிரு வாரத்தில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, "நாங்க கடலுக்குப் போனப்போ" என்று தானே கதை சொல்ல ஆரம்பித்தாள். அவளை யாரும் திருத்தவில்லை.

வன்னி அக்கா பல நாட்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். ஒரு நாள் அவரிடம், அக்காவுக்குக் கடல் ஞாபகம் வருகிறதா என்று கேட்டேன். அவர் சொன்னது இது: "கடலை என்னத்துக்குப் பிள்ளை நினைக்கிறது? நான் அந்த மரத்தைத்தான் நினைக்கிறனான். அண்டைக்கு ஒருத்தரும் என்னை வரிசையில நிக்கச் சொல்லேல்ல. என்ர கையால போட்டு, என்ர பசிக்குச் சாப்பிட்டன். சாப்பிட்டுட்டு நித்திரையும் கொண்டன்."

முருகைக்கல்லும் மீனும் பார்க்கத்தான் நாம் போனோம். அவருக்கு அந்தப் பயணத்தில் கிடைத்தது மர நிழலில் ஒரு மதிய நித்திரை. இரண்டும் பயணத்தின் பலன்தான். ஓர் இடத்திலிருந்து எதை எடுத்து வருவது என்பதை அவரவர்தான் தீர்மானிக்க வேண்டும். கணவனை எடுத்துக்கொண்ட கரையும், நித்திரை தந்த கரையும் அவர் மனதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று மற்றதை அழிக்கவில்லை, அழிக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்கவும் கூடாது.

இந்தப் பயிற்சியைச் செய்ய விரும்பும் சகோதரிகள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். எவரையும் பேச வற்புறுத்த வேண்டாம். ஒரு நினைவு பயத்தையோ பதற்றத்தையோ கொண்டுவந்தால் உடனே நிறுத்தி, கண்ணைத் திறந்து, தரையில் காலை ஊன்றி, சுற்றியுள்ள பொருட்களின் பெயரைச் சொல்லுங்கள். நித்திரையின்மை தொடர்ந்தால் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடுங்கள். வீட்டில் இருப்பது எல்லாப் பெண்களுக்கும் பாதுகாப்பு அல்ல என்பதையும் அந்த நாட்கள் காட்டின. வீட்டில் வன்முறைக்கு உள்ளாகுவோர் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

எமது ஓடையும் அந்தக் கடலும்

பயணக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னதில் இன்னொன்றும் நடந்தது. எமது பெண்கள் தாம் இருக்கும் இடத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். "சிங்கராஜவில பார்த்த மாதிரி மரம் நம்ம ஏழாம் நம்பர் மலைக்கு மேலயும் இருக்கே மிஸ்" என்றார் ஒருவர். சரியான கேள்வி. தேயிலை மலைகளின் உச்சியில் எஞ்சியிருக்கும் சோலைத் துண்டுகள், இந்த மலைநாட்டின் பெரும்பகுதியை ஒரு காலத்தில் மூடியிருந்த மழைக்காட்டின் மிச்சம். கோப்பிக்காக அந்தக் காட்டை வெட்டினார்கள். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் தோன்றி, பின்னர் கோப்பியே அழிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. காட்டை வெட்டிய கைகளிலும் தேயிலையை நட்ட கைகளிலும் எமது பாட்டன் பாட்டிமாரின் கைகள் பல. வெட்டச் சொன்னவர்கள் வேறு.

எஞ்சிய காட்டின் பெரும்பகுதி எமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. சிவனொளிபாதமலைக் காடும், ஹோட்டன் சமவெளியும், நக்கிள்ஸ் மலைக்காடும் சேர்ந்து 2010இல் உலக மரபுரிமையாகின. மேலே காடு இருந்தால்தான் மழைநீரை மண் மெதுவாகக் குடித்து, மெதுவாகக் கீழே விடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மலையகத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டு போயின. அந்த மழைக்கு எந்தச் சரிவும் தாங்குவது கடினம்தான். ஆயினும் வேர் பிடிக்காத செங்குத்துச் சரிவில், வெட்டிய மண்மேட்டின் அடியில் லயங்களை வைத்திருப்பது இயற்கையின் குற்றம் அல்ல. பாதைகள் மூடிக் கிடந்த அந்த நாட்களிலும் எமது குழுவினர் மீண்டும் தொலைபேசியில் ஒருவரையொருவர் தேடினார்கள். இம்முறை முதலில் கேட்டது, "உங்க லயத்துக்கு மேல வெடிப்பு ஏதும் தெரியுதா?" என்பதே. நின்று பார்க்கப் பழகிய கண்கள் அதையும் பார்த்தன.

ஹட்டன் ஒரு நீர்ப்பிரிமேடு. டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கம் விழும் மழை களனி கங்கையாகிக் கொழும்பருகே மேற்குக் கடலில் சேர்கிறது. ஹட்டன் ஓயா, கொத்மலை ஓயாப் பக்கம் விழும் மழை மகாவலியில் கலந்து, மலையிலிருந்து கடல் வரை 335 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த ஆற்றோடு திருகோணமலையின் கொட்டியாரக்குடாவில் கிழக்குக் கடலை அடைகிறது. எமது பீலியில் தவறிய தண்ணீர், நாம் ஒரு நாள் முழுவதும் பஸ்ஸில் போன அதே திருகோணமலைக்குத் தானே நடந்து போய்ச் சேர்கிறது. ஓடையில் கொட்டும் குப்பையும் மருந்துப் போத்தலும் அதே வழியில்தான் போகும். இதைக் கூட்டத்தில் சொன்ன நாளுக்குப் பிறகு, எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமலே ஒரு லயத்துப் பெண்கள் ஓடைக்கரையில் குப்பைக் குழி ஒன்றை வெட்டினார்கள்.

சகோதரிகளே, எல்லாராலும் நிலாவெளிக்கோ சிங்கராஜவுக்கோ போக முடியாது என்பதை நான் அறிவேன். பஸ் கட்டணம், பறிபோகும் பேர், வீட்டாரின் பேச்சு எல்லாம் உண்மை. ஆயினும் பத்துப் பெண்கள் சேர்ந்தால் ஒரு போயா நாளில் அருகிலுள்ள ஒரு நீர்வீழ்ச்சிக்கோ, ஒரு குளக்கட்டுக்கோ, ஒரு கடற்கரைக்கோ போகலாம். சோறு கட்டிக்கொண்டு போங்கள். அங்கே கூட்டம் வைக்க வேண்டாம், சொற்பொழிவு வேண்டாம். பார்க்க விரும்புகிறவர் பார்க்கட்டும், நித்திரை கொள்ள விரும்புகிறவர் நித்திரை கொள்ளட்டும். திரும்பி வந்த பின்பு ஒருவருக்கொருவர் அதைச் சொல்லுங்கள், வராதவர்களையும் பக்கத்தில் இருத்திச் சொல்லுங்கள்.

எமது குழுவின் உண்டியலில் மீண்டும் காசு சேர்கிறது. இந்த முறை எங்கே போவது என்று வன்னி அக்காவிடம்தான் கேட்டிருக்கிறோம். அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. நிழல் உள்ள இடமாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.